கூலி கேட்கவும் லைசென்சு!

கலிபோர்னியாவில் சுத்தியல் பிடிப்பவர்களுக்கு ஒரு விசித்திரச் சட்டம்

வேலை முடிந்துவிட்டது.

குளியல் அறை பளபள என்று மின்னுகிறது. பழைய டைல்சைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் புது டைல்ஸ் பதித்தாகிவிட்டது. ஒழுகிக்கொண்டிருந்த குழாய்களை மாற்றியாகிவிட்டது. சுவருக்கு வர்ணம் அடித்தாகிவிட்டது. 9 நாள் உழைப்பு!

வேலை செய்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போகிறார்.

"ஐயா! மொத்தம் 4,000 டாலர் பேசினோம். 2,000 டாலர் முன்பணம் கொடுத்தீர்கள். மீதி 2,000 டாலர் கொடுத்தால் புறப்படுவேன்."

வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

"உங்கள் லைசென்சு நம்பர் என்ன?"

"லைசென்சா? என்னிடம் இல்லையே!"

"அப்படியானால் மீதிப் பணம் கிடையாது. முன்பு வாங்கிய 2,000 டாலரையும் திருப்பிக் கொடுங்கள்!"

வேலைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேரே கோர்ட்டுக்கு ஓடினார்.

"இவர் செய்த வேலையில் குறை உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறார்" என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார்.

"உமக்கு லைசென்சு உண்டா?"

"இல்லை, ஐயா!"

"அப்படியானால் கூலி கேட்க உமக்கு உரிமை இல்லை. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடும்!"

இந்த வேலைக்காரரும் வீட்டுக்காரரும் நாம் கற்பனை செய்தவர்கள். ஆனால், சட்டம் கற்பனை அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறது!

"ஹேண்டிமேன்" யார்?

கலிபோர்னியா, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் உள்ள பெரிய மாநிலம். சினிமா நகரமான ஹாலிவுட் இருப்பது இங்கேதான்.

நம் ஊரில் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் தச்சரைக் கூப்பிடுகிறோம். குழாய் ஒழுகினால் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுகிறோம். வெள்ளையடிக்க வேறு ஓர் ஆள் வருகிறார்.

அமெரிக்காவில் இந்தச் சில்லறை வேலைகளை எல்லாம் ஒரே ஆள் செய்வது உண்டு. அவருக்கு "ஹேண்டிமேன்" என்று பெயர். ஒரு பழைய வண்டி. அதில் ஓர் ஏணி. ஒரு கருவிப் பெட்டி. இதுதான் அவருடைய முதலீடு. கீல் மாட்டுவார். ஆணி அடிப்பார். உடைந்த வேலியைச் சரி செய்வார். சுவரில் உள்ள ஓட்டையை அடைப்பார்.

யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். சொந்தத் தொழில். பிழைப்பதற்காக வெளிநாடுகளில் இருந்து வந்து குடியேறியவர்கள் பலரும் இந்தத் தொழிலில் இறங்குகிறார்கள்.

கை சுத்தம். வேலையும் சுத்தம். பிறகு என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்களா?

ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் கஷ்டம்!

1,000 டாலர் கோடு

கலிபோர்னியாவில் வீடு கட்டுவது, இடிப்பது, பழுது பார்ப்பது ஆகிய தொழில்களைக் கண்காணிக்க ஓர் அரசாங்க போர்டு இருக்கிறது. "மாநிலக் காண்டிராக்டர் லைசென்சு போர்டு" என்று பெயர். 1929-ம் ஆண்டு ஏற்பட்டது. இந்தப் போர்டு கொடுக்கும் லைசென்சு இருந்தால்தான் காண்டிராக்டு வேலை எடுக்கலாம்.

ஆனால், ஓர் ஆணி அடிக்கக்கூட லைசென்சு கேட்டால் ஏழைத் தொழிலாளி என்ன செய்வான்? அதற்காகச் சின்ன வேலைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

பல ஆண்டுகளாக 500 டாலருக்குக் குறைவான வேலைக்குத்தான் விலக்கு இருந்தது. விலைவாசி ஏறியது. சாமான் வாங்கவே 500 டாலர் போதவில்லை. எனவே, சட்டத்தைத் திருத்தினார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அந்த அளவு 1,000 டாலர் ஆயிற்று. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 85 ஆயிரம் ரூபாய் என்று சொல்லலாம்.

இந்த விலக்கு கிடைக்க 3 நிபந்தனைகள் உண்டு.

முதலாவது: வேலையின் மொத்தத் தொகை 1,000 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும். கூலி மட்டும் அல்ல. சாமான்களின் விலையும் இதில் சேர்த்திதான். 999 டாலர் என்றால் சரி. 1,000 டாலர் என்றால் லைசென்சு வேண்டும்!

இரண்டாவது: அந்த வேலை, நகரசபையின் "பெர்மிட்" தேவைப்படாத வேலையாக இருக்க வேண்டும். பெர்மிட் தேவை என்றால், 200 டாலர் வேலையாக இருந்தாலும் லைசென்சு இல்லாதவர் தொடக்கூடாது.

மூன்றாவது: வேலைக்கு ஆள் வைக்கக்கூடாது. சாமான் எடுத்துக் கொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் எடுபிடிப் பையனை வைத்துக்கொண்டாலும் விலக்கு போய்விடும். எல்லா வேலையையும் தாமே செய்ய வேண்டும்.

இன்னும் ஒன்று. லைசென்சு இல்லாதவர் பத்திரிகையில் விளம்பரம் செய்யலாம். ஆனால், "எனக்கு லைசென்சு இல்லை" என்பதையும் அந்த விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்!

துண்டு போட்டால்?

"ஒரு வேலி போட 1,800 டாலர் ஆகும். முன்பக்க வேலிக்கு ஒரு பில், பின்பக்க வேலிக்கு ஒரு பில், ஆளுக்கு 900 டாலர் என்று எழுதிவிட்டால் போயிற்று!"

இப்படி யோசிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள்.

ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கு எழுதினாலும் செல்லாது. முழு வேலையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஒரு பெரிய வேலையின் சிறு பகுதியை மட்டும் எடுத்துச் செய்தாலும் விலக்கு கிடையாது.

வேறு சிலர் இன்னொரு விதத்தில் ஏமாந்துபோகிறார்கள். பல நகரங்களில், எந்தத் தொழில் செய்தாலும் நகரசபையில் தொழில் வரி கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் லைசென்சு இருக்கிறது" என்று நினைத்துவிடுகிறார்கள்.

அது வரி கட்டியதற்குச் சீட்டு. பெரிய வேலை எடுக்க அது லைசென்சு ஆகாது.

உழைப்பும் போச்சு, பணமும் போச்சு!

கோட்டைத் தாண்டினால் என்ன தண்டனை?

முதல் தடவை குற்றம் நிரூபிக்கப்பட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவை பிடிபட்டால் சாதாரணமாகக் குறைந்தது 90 நாள் ஜெயில் வாசம்! இவை தவிர, போர்டும் தனியாக அபராதம் போடலாம். அது 15 ஆயிரம் டாலர் வரைகூடப் போகும்.

ஆனால், ஜெயிலைவிட அதிகமாகத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது வேறு ஒரு விதி. லைசென்சு இல்லாமல் வேலை செய்தவர், கூலி பாக்கிக்காகக் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அது மட்டும் அல்ல. வேலை கொடுத்தவர், தான் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம்.

"சாமான் வாங்கியதற்கு 1,500 டாலர் செலவு ஆயிற்றே, அதையாவது கழித்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் கோர்ட்டு கேட்காது.

"எனக்கு லைசென்சு இல்லை என்று வீட்டுக்காரருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துதானே வேலை கொடுத்தார்?" என்று சொன்னாலும் பயன் இல்லை.

அலை மெஷின் வழக்கு

ஏழைத் தொழிலாளிதான் இப்படி மாட்டிக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனியும் மாட்டிக்கொண்டது உண்டு.

கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். சுற்றிலும் பாலைவனம். அங்கே ஒயாசிஸ் என்ற கம்பெனி ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா அமைத்தது. அதன் குளத்தில், கடலைப்போல அலைகள் எழும்ப வேண்டும். பாலைவனத்தில் கடல் அலை!

இதற்கான மெஷினைச் செய்கிற ஹைட்ரோடெக் என்ற கம்பெனி நியூயார்க்கில் இருந்தது. அதனிடம் கலிபோர்னியா லைசென்சு இல்லை.

"எங்களிடம் லைசென்சு இல்லை. மெஷினை அனுப்பி வைக்கிறோம். நீங்களே வேறு ஆளை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னோம். "இல்லை, நீங்களே வந்து பொருத்த வேண்டும். பணம் முழுவதையும் கொடுத்துவிடுகிறோம்" என்று எங்களை இழுத்தார்கள். கொடுக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்கள்! - இதுதான் ஹைட்ரோடெக் கம்பெனியின் புகார்.

மெஷின் வந்தது. பொருத்தினார்கள். பணத்தில் ஒரு பகுதி பாக்கி நின்றது. ஹைட்ரோடெக் வழக்குப் போட்டது.

வழக்கு கீழ்க் கோர்ட்டுகளைக் கடந்து கலிபோர்னியா மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1991-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது.

நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், லைசென்சு இல்லாமல் வேலை செய்ததால் கூலி கேட்க முடியாது. ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னாலும் முடியாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

சிலருக்கு இதனால் அநியாயம் நேரலாம் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால், பொதுமக்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டத்தில் ஒருவருக்கு இரக்கம் காட்டினால், சட்டமே ஓட்டையாகிவிடும் என்று கருதினார்கள்.

வீட்டுக்காரர் வேடத்தில் அதிகாரி

லைசென்சு போர்டில், லைசென்சு இல்லாதவர்களைப் பிடிப்பதற்கு என்றே ஒரு தனிப்படை இருக்கிறது. இவர்கள் பிடிக்கும் விதம் துப்பறியும் கதையைப்போல இருக்கும்.

ஒரு வீட்டில் அதிகாரி ஒருவர் வீட்டுக்காரரைப்போல உட்கார்ந்திருப்பார். விளம்பரங்களைப் பார்த்துப் போன் செய்வார். "வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும். வந்து பார்த்து எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள்" என்பார்.

ஆள் வருவார். சுவரைச் சுற்றிப் பார்ப்பார். அளப்பார். "3,000 டாலர் ஆகும்" என்பார்.

அவ்வளவுதான்! உள்ளே இருந்து மற்ற அதிகாரிகள் வெளியே வருவார்கள். கோர்ட்டில் ஆஜராகும்படி அங்கேயே சம்மன் எழுதிக் கொடுப்பார்கள். தூரிகையைக்கூட எடுக்கவில்லையே என்று கேட்கலாம். வேலையைச் செய்தால்தான் குற்றம் என்பது இல்லை. அளவுக்கு மேல் விலை சொல்லி, "நான் செய்து தருகிறேன்" என்று ஒப்புக்கொண்டாலே குற்றம்!

ஏன் இந்தக் கடுமை?

இது என்ன அநியாயம் என்று தோன்றுகிறது அல்லவா? மறுபக்கத்தையும் பாருங்கள்.

ஒரு குடும்பத்துக்கு வீடுதான் மிகப் பெரிய சொத்து. வேலை தெரியாத ஆசாமி ஒருவன் வருகிறான். தேன் ஒழுகப் பேசுகிறான். முன்பணம் வாங்குகிறான். கூரையைப் பிரித்துப் போடுகிறான். மறுநாள் ஆளைக் காணோம்! அவன் எந்த ஊர், என்ன பெயர், யாருக்குத் தெரியும்?

2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் பயங்கரத் தீ பரவியது. இரண்டு பெரிய தீக்களில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பல் ஆயின. வீடு இழந்தவர்கள் தெருவில் நின்றார்கள். இப்படிப்பட்ட நேரத்தில்தான் மோசக்காரர்கள் வருவார்கள். "உடனே கட்டித் தருகிறேன், பணத்தைக் கொடுங்கள்" என்பார்கள்.

அதனால், அரசாங்கம் நெருக்கடி நிலை அறிவித்த பேரழிவுகளில் சேதம் அடைந்த கட்டிடங்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை. அங்கே லைசென்சு இல்லாமல் காண்டிராக்டு வேலை எடுத்தால் 10 ஆயிரம் டாலர் வரை அபராதம் போடலாம். 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம்.

லைசென்சு உள்ளவரிடம் வேலை கொடுத்தால், மோசம் போனவர் போர்டில் புகார் செய்யலாம். லைசென்சு போய்விடுமே என்ற பயம் காண்டிராக்டருக்கு இருக்கும்.

வேலைக்காரருக்கு அடிபட்டாலும் சிக்கல்தான். லைசென்சு இல்லாதவர் ஏணியில் இருந்து விழுந்து கால் ஒடிந்தால், சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரரே அவருக்கு முதலாளி ஆகிவிடலாம். ஆஸ்பத்திரிச் செலவு வீட்டுக்காரர் தலையில் விழலாம்!

ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று

லைசென்சு வேறு, பெர்மிட் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

லைசென்சு ஆளுக்கு. "இவர் வேலை தெரிந்தவர்" என்று சொல்லும் காகிதம். அதை மாநில போர்டு கொடுக்கிறது.

பெர்மிட் வேலைக்கு. "இந்த வீட்டில் இந்த வேலையைச் செய்யலாம்" என்று சொல்லும் காகிதம். அதை நகரசபையின் அல்லது மாவட்டத்தின் கட்டிட இலாகா கொடுக்கிறது. வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். சரி என்றால் கையெழுத்துப் போடுவார்.

எல்லா வேலைக்கும் பெர்மிட் தேவை இல்லை. வர்ணம் அடிக்க வேண்டாம். டைல்ஸ் பதிக்க வேண்டாம். தரையில் கம்பளம் விரிக்க வேண்டாம். அலமாரி மாட்ட வேண்டாம். ஹேண்டிமேனுக்குப் பிழைப்புக் கொடுப்பது இந்த வேலைகள்தான்.

ஆனால், புதிதாக மின்சார வயர் இழுப்பது, சுவரை இடித்து வாசல் வைப்பது, வெந்நீர் பாய்லரை மாற்றுவது இவற்றுக்கெல்லாம் பெர்மிட் வேண்டும்.

"பாய்லர் மாற்ற ஒரு பெர்மிட்டா?" என்று சிரிக்காதீர்கள். அங்கே வீட்டுப் பாய்லர் ஓர் ஆள் உயரம் இருக்கும். நூறு, இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பெரும்பாலும் காஸில் எரியும். கலிபோர்னியாவோ பூகம்ப பூமி. பூகம்பத்தில் பாய்லர் சாய்ந்தால் காஸ் குழாய் பிய்த்துக்கொள்ளும். காஸ் கசியும். ஒரு நெருப்புப் பொறி போதும், வீடு எரிந்துவிடும்!

அதனால், பாய்லரை இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு சேர்த்துக் கட்டவேண்டும் என்பது சட்டம். பட்டை சரியாக இருக்கிறதா, புகை வெளியே போகிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். ஒரு கையெழுத்தில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது.

பழைய சுவரில் விஷம்

இன்னொரு சட்டம் கலிபோர்னியாவுக்கு மட்டும் அல்ல, அமெரிக்கா முழுவதற்கும் உண்டு. அது குழந்தைகளுக்காக வந்த சட்டம்.

முன்காலத்தில் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வர்ணத்தில் ஈயம் கலந்தார்கள். வர்ணம் நன்றாக ஒட்டும், நாள்பட உழைக்கும். ஆனால், ஈயம் ஒரு விஷம். சுவரைச் சுரண்டினால் தூள் பறக்கும். தரையில் படியும். தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைக்கும். ஈயம் உடம்பில் ஏறும். குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும்.

1978-ம் ஆண்டு, வீட்டு வர்ணத்தில் ஈயம் கலக்க அமெரிக்காவில் தடை போட்டார்கள். ஆனால், அதற்கு முன் கட்டிய வீடுகள் அப்படியே இருக்கின்றனவே!

எனவே, 2010-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் ஒரு விதி அமலுக்கு வந்தது. 1978-க்கு முன் கட்டிய வீட்டில், ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பழைய வர்ணத்தைக் கலைக்கும் வேலையைக் கூலிக்குச் செய்பவர், அதற்கான பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் 20 சதுர அடி. தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். தூள் மற்ற அறைக்குப் போகாமல் மறைப்புக் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் துப்புரவாகத் துடைக்க வேண்டும்.

6 சதுர அடி என்பது 3 அடி நீளம், 2 அடி அகலம். ஒரு சின்ன மேஜை அளவுதான்! வேலை 1,000 டாலருக்குள் அடங்கினாலும் இந்த விதி பொருந்தும். ஹேண்டிமேனும் தப்ப முடியாது.

லைசென்சு வாங்குவது எப்படி?

"சரி, லைசென்சு வாங்கிவிட்டால் போகிறது!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமை வேண்டும்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டு, பிறர் உதவி இல்லாமல் முழு வேலையையும் செய்யக்கூடிய தொழிலாளியாக வேலை பார்த்திருக்க வேண்டும். அதை நேரில் பார்த்தவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"லைசென்சு இல்லாமல் வேலை செய்யக்கூடாது. வேலை செய்யாமல் லைசென்சு கிடைக்காது. இது என்ன கூத்து?" என்று கேட்கலாம். இதற்கு வழி இருக்கிறது. லைசென்சு உள்ள ஒரு காண்டிராக்டரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தொழிலாளிக்குத் தனி லைசென்சு தேவை இல்லை. அங்கே 4 ஆண்டு கழித்தால் தொழிலும் படியும், சாட்சியும் கிடைக்கும்.

பிறகு இரண்டு பரீட்சை. ஒன்று தொழிலைப் பற்றியது. மற்றொன்று சட்டம், கணக்கு வழக்கு பற்றியது. பல வருடம் சுத்தியல் பிடித்தவர்கள் தொழில் பரீட்சைக்குப் பயப்படமாட்டார்கள். சட்டப் பரீட்சைதான் வயிற்றைக் கலக்கும்!

கைரேகை கொடுக்க வேண்டும். பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள்.

2022-ல் அமலுக்கு வந்த கட்டணப்படி விண்ணப்பத்துக்கு 450 டாலர். தனி ஆளாகத் தொழில் நடத்துபவருக்கு லைசென்சுக் கட்டணம் 200 டாலர். லைசென்சு 2 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

25 ஆயிரம் டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கொடுக்க வேண்டும். பயப்பட வேண்டாம், அவ்வளவு பணத்தைக் கட்ட வேண்டியது இல்லை. ஜாமீன் கம்பெனிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கட்டினால், அது பத்திரம் கொடுக்கும். வேலையில் மோசம் நடந்தால், வீட்டுக்காரர் இந்த ஜாமீனில் இருந்து நஷ்ட ஈடு கேட்கலாம்.

முன்பெல்லாம் ஹேண்டிமேனுக்குப் பொருத்தமான லைசென்சு இல்லை. குழாய் வேலைக்கு ஒன்று, மின்சார வேலைக்கு ஒன்று, வீடு கட்டும் காண்டிராக்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்பவர் எதை வாங்குவார்?

2021-ம் ஆண்டு இதற்கு ஒரு வழி பிறந்தது. "பி-2" என்ற புது லைசென்சு வந்தது. ஏற்கனவே கட்டிய வீட்டில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகை வேலைகளைச் சேர்த்துச் செய்து புதுப்பிப்பவர்களுக்கு இது. சுவரைத் தாங்கும் தூண், உத்தரம் போன்றவற்றில் கை வைக்கக்கூடாது. மற்றபடி, ஹேண்டிமேன்களுக்கு என்றே செய்த சட்டை மாதிரி இருக்கிறது இந்த லைசென்சு!

ஊருக்கு ஊர் வேறு

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்.

பக்கத்து மாநிலமான அரிசோனாவிலும் 1,000 டாலருக்குக் குறைவான, பெர்மிட் தேவைப்படாத வேலைக்கு விலக்கு உண்டு.

நியூயார்க் நகரத்தில் கோடு மிகவும் கீழே இருக்கிறது. வீட்டைப் பழுது பார்க்கும் வேலை 200 டாலருக்கு மேல் போனால் லைசென்சு வேண்டும்.

பென்சில்வேனியாவில் வேறு கணக்கு. ஓர் ஆண்டில் வீட்டுப் பழுது வேலைகளை 5,000 டாலர் அளவுக்குச் செய்பவர்கள், அரசாங்கத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஹேண்டிமேனுக்கு மாநில லைசென்சே கிடையாது. ஆனால், மின்சார வேலைக்கும் குழாய் வேலைக்கும் அங்கேயும் லைசென்சு வேண்டும். மின்சாரம் எந்த ஊரிலும் மின்சாரம்தானே!

உங்கள் பிள்ளை அங்கே இருக்கிறாரா?

கலிபோர்னியாவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர்கள் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருந்தால், அடுத்த தடவை போனில் பேசும்போது இவற்றைச் சொல்லுங்கள்.

* பெரிய வேலை என்றால் முதலில் லைசென்சு நம்பரைக் கேட்க வேண்டும். அது உண்மையான நம்பர்தானா என்று போர்டின் இணையதளத்தில் காசு இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

* வீட்டைச் சீர்திருத்தும் காண்டிராக்டுக்கு முன்பணமாக 1,000 டாலர், அல்லது மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அதற்கு மேல் பொதுவாகக் காண்டிராக்டர் கேட்கக்கூடாது.

* வீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்ட காண்டிராக்டை 3 நாளுக்குள் ரத்து செய்யலாம். 65 வயதானவர்களுக்கு 5 நாள் தவணை உண்டு.

* "பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள்" என்று வேலைக்காரர் சொன்னால் உஷாராக இருக்க வேண்டும். சொந்தமாக வேலை செய்வதாகப் பெர்மிட் வாங்கினால், முழுப் பொறுப்பும் வீட்டுக்காரர் தலையில் விழும்.

* சின்ன வேலைக்கு ஹேண்டிமேனைக் கூப்பிடுவதில் தவறு இல்லை. ஆனால், லைசென்சு இல்லாதவர் என்று தெரிந்தே பெரிய வேலையை வாங்கிக்கொண்டு, கடைசியில் சட்டத்தைக் காட்டிக் கூலி மறுப்பது தர்மம் அல்ல. சட்டம் அதற்கு இடம் கொடுக்கலாம். மனச்சாட்சி கொடுக்காது.

அந்த 9 நாள்

முதலில் பார்த்தோமே, குளியல் அறையைப் புதுப்பித்தவர், அவர் செய்த தவறு என்ன?

அவருக்கு வேலை தெரியும். சோம்பல் படவில்லை. ஒரு காசு திருடவில்லை. 900 டாலர் வேலைகளைச் செய்துவந்த கை, 4,000 டாலர் வேலைக்கு நீண்டது. அவ்வளவுதான்!

அவர் அந்த வேலையை எடுக்கும்முன் ஒரு காண்டிராக்டரிடம் சேர்ந்து 4 ஆண்டு உழைத்திருந்தால், இரண்டு பரீட்சை எழுதியிருந்தால், அவர் சட்டைப் பையில் ஒரு சின்ன அட்டை இருந்திருக்கும். வீட்டுக்காரர், "உங்கள் லைசென்சு நம்பர் என்ன?" என்று கேட்டபோது அதை எடுத்துக் காட்டியிருப்பார். மீதி 2,000 டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

கையில் தொழில் இருந்தால் வேலை கிடைக்கும். பையில் அட்டையும் இருந்தால்தான், செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியும்!